கேட்கத் தெரிந்தவள்

அவள் இறந்துபோன செய்தி வந்த அன்று, என் கிளினிக்குக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் முப்பத்தைந்து வருடமாகக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள் நான். அவளும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள், ராயபுரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலையைத் தொடங்கியவர்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "கூடப் பொறந்தவங்க மாதிரி இருந்தீங்களே டாக்டரம்மா" என்றார் மருந்துக் கடைக்காரர். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரம் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, நாளைக்குப் பேப்பரில் இவளுக்கு எவ்வளவு பெரிய படம் போடுவார்கள் என்பதுதான்.

அவளைப் பற்றி நல்லதாகப் பேச ஆள் பஞ்சமே இல்லை. இரண்டு பல்கலைக்கழகங்களைத் தொடங்கியவள், வடசென்னைக் குழந்தைகளுக்காகக் கோட்டை வரை போய் நின்றவள் என்று மாற்றி மாற்றிச் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் பொறாமையிலிருந்துதான் தொடங்க முடியும். நாற்பது வருடமாக அவள் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். பேப்பரில் அவள் பெயர் வந்த நாட்களில் என் முகத்தைப் பார்த்தே என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். "என்ன, உன் சக்களத்திக்கு இன்னிக்கு எந்த ஊர்ல மாலை?" என்பார்.

பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்க மாட்டாள். குள்ளம், தடித்த கண்ணாடி. இடுப்பில் செருகிய கைத்தறிப் புடவை, அதில் எப்போதும் எங்காவது மருந்துக் கறை. பேனாவைக் கொண்டையில் செருகிவிட்டு, பேனாவைக் காணோம் என்று என்னுடையதை வாங்குவாள். திருப்பித் தந்ததாக ஞாபகம் இல்லை. பரீட்சைகளில் எப்போதும் நான்தான் முதல். அவள் ஆறாவதோ ஏழாவதோ. சின்னக் குழந்தைக்கு ஊசியேற்ற நரம்பு பிடிப்பதில் அவள் சுமார்தான், மூன்று முறை குத்துவாள். நான் ஒரே தடவையில் பிடித்துவிடுவேன். இதை இங்கே எழுதிவைக்காவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு வித்தை. கேட்பாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய் சொல்லி முடித்ததும், "அப்புறம்?" என்பாள். தாய் இன்னும் கொஞ்சம் சொல்லுவாள். மறுபடியும் "அப்புறம்?" பேனாவின் மூடியைக் கழற்றவே மாட்டாள். தாயே களைத்துப் போய், "அவ்ளோதாம்மா, வேற ஒண்ணியும் இல்ல" என்று சொன்ன பிறகுதான் எழுத ஆரம்பிப்பாள். எழுதுவதும் அந்தத் தாயின் வார்த்தையிலேயே. 'கொயந்த ரெண்டு நாளா கீரத்தண்டு கணக்கா தொவண்டு கெடக்குது' என்று சொன்னால், சீட்டில் அப்படியே தமிழில் இருக்கும். அதற்குக் கீழேதான் எங்கள் இங்கிலீஷ் வியாதிப் பெயர்கள் வரும்.

அவள் டூட்டி என்றால் வரிசை ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிப் போகும். "இந்தம்மா உக்காந்தா எனக்கு மத்தியானச் சோறு சாயந்தரந்தான்" என்று நர்ஸம்மா முணுமுணுப்பார். ஒருநாள் எங்கள் பெரிய டாக்டர் அவள் எழுதியிருந்த சீட்டைத் தூக்கிப் பிடித்து, "என்னம்மா இது, கேஸ் ஷீட்டா, கதைப் புத்தகமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "இன்னும் முடியலை சார். அம்மா பேசிட்டிருக்காங்க" என்றாள், அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல். நானாக இருந்தால் அன்றைக்கே செத்திருப்பேன்.

அவள் நகரத்தின் தெற்குக் கோடியில், மாமரங்கள் நின்ற பெரிய வீட்டிலிருந்து வந்தவள். வீட்டில் பாதித் தெலுங்கு, பாதி இங்கிலீஷ். ராயபுரத்துத் தாய்மார் பேசுவது முதல் வாரம் அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நான் காசிமேட்டில் பிறந்தவள். நைனா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடை சுமந்து மீன் விற்றவள். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அன்றே என் பேச்சைக் கழுவித் துடைத்துவிட்டேன். ஊர் எது என்று கேட்டால் ராயபுரம் என்பேன், காசிமேடு என்று சொல்ல மாட்டேன். பாடப் புத்தகத்தில் இருப்பது போலப் பேசுவேன். தாய்மார் என்னிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால், "சரி, சரி, காய்ச்சல் எத்தனை நாள்?" என்று நிறுத்திவிடுவேன். அவர்கள் பேசப் பேச எனக்குள் எங்கள் தெரு எழுந்து வரும். அதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

இரண்டாவது வாரமே அவள் கண்டுபிடித்துவிட்டாள். "ஏய், உனக்கு இது எல்லாம் புரியுது. நீ காசிமேடா? சொல்லவே இல்லியே" என்றாள், கூடம் நிறைய ஆள் இருக்கும்போது. அவளுக்கு அதில் சந்தோஷம். புதையல் கிடைத்தது போல என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த வார்த்தைக்கு என்ன, அந்த வார்த்தைக்கு என்ன என்று குடைந்தாள். ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டாள். 'கீது'வை எங்கெங்கோ தப்பாகப் போடுவாள். "யம்மா, உனுக்கு வாயில நொயயவே மாட்டேங்குது" என்று தாய்மார் சிரிப்பார்கள். சிரித்த வாய் இன்னும் நிறையச் சொல்லும். என் வீட்டுப் பேச்சை வைத்து என் எதிரிலேயே அவள் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

இனி பவுனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பவுனு நாலு வயதுப் பெண். காசிமேட்டுக் குழந்தை, எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி. ஒரு மழைக்காலக் காலையில் அவள் அம்மா தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று மேசையில் இருந்தவள் நான். என் சிநேகிதி வார்டில் இருந்தாள். குழந்தை வெளுத்துப் போயிருந்தது. வயிற்றுவலி, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் அழுகை. அம்மா என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனாள். "கடலு சரியில்லமா, இவ நைனா பத்து நாளா வூட்லயேதான் கீறாரு, ஈயம் உருக்கிகினு. இதுவும் அவரு கூடவே குந்திகினு குண்ட வாயில போட்டுகினு வெளாடும், சோறு துன்ன கூப்டா வராது." எனக்குப் பின்னால் வரிசை நின்றது. "சரி, சரி" என்றேன். பூச்சிக்கு மருந்தும் ரத்தத்துக்கு டானிக்கும் எழுதி அனுப்பினேன்.

வலையின் அடிக் கயிற்றில் கோர்க்கும் ஈயக்குண்டைத்தான் அவள் சொன்னாள். வலை தண்ணீருக்குள் இறங்க அந்தக் கனம் வேண்டும். காயலான் கடையில் பழைய பேட்டரித் தகடு வாங்கி வந்து, கரண்டியில் உருக்கி, கல் அச்சில் ஊற்றிக் குண்டு செய்வார்கள். படகு இறங்காத மழை நாட்களில் அதுதான் ஆண்களுக்கு வேலை. வெளியே மழை என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே செய்வார்கள். எங்கள் வீட்டில் சோறு பொங்கும் அடுப்பிலேயே நைனா உருக்கியிருக்கிறார். சூடு ஆறிய குண்டுகளை எண்ணிக் கோர்ப்பது குழந்தைகளின் விளையாட்டு. அந்த அம்மா அதைச் சொன்னபோது, 'வீட்டில் குழம்பு வைத்தோம்' என்று சொன்னது போலத்தான் என் காதில் விழுந்தது. ஈயம் குழந்தையின் மூளையைத் தின்னும் என்று பாடத்தில் படித்து, அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். பாடத்தில் இருந்த ஈயமும் எங்கள் வீட்டு ஈயமும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எட்டாவது நாள் பவுனுவுக்கு வலிப்பு வந்தது. அன்று மேசையில் என் சிநேகிதி இருந்தாள். குழந்தையை வார்டில் படுக்கவைத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டாள். அப்புறம், அப்புறம் என்று கேட்டுக் கேட்டு ஈயத்துக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு அது புதுச் செய்தி. நேராக என்னிடம் வந்தாள். "வீட்டுக்குள்ளயே ஈயம் உருக்குவாங்களாமே, நிஜமா?" என்றாள். "எல்லார் வீட்லயும்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அவள் கையில் முதல் நாள் சீட்டு இருந்தது. என் கையெழுத்து. வயிற்றுவலி, பூச்சி, அவ்வளவுதான் அதில். சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மடித்து ஃபைலுக்குள் வைத்துவிட்டு, ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப ஓடினாள்.

நான் காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாள் லீவு போட்டேன். வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தபோது என் தம்பியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்தவன். மண்டையில் ஒன்றும் இல்லை என்று வாத்தியார் அடித்தே விரட்டினார். சின்ன வயதில் நான் அம்மாவோடு கூடை தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். அவன் நைனாவோடு வீட்டில் இருப்பான்.

பவுனு பிழைத்துக்கொண்டாள். ஈயத்தை இழுக்கும் மருந்தை எங்கிருந்தோ வரவழைத்தாள் என் சிநேகிதி. நடை வந்தது, கை கால் சரியாயிற்று. பேச்சு மட்டும் பத்து இருபது வார்த்தையோடு நின்றுவிட்டது. முதல் நாள் சீட்டைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கேட்பதையே தொழிலாக வைத்திருந்தவள் என்னிடம் மட்டும் கேட்காமல் விட்டது ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பிறகு தெருத் தெருவாகப் போனாள். எங்கள் தெருவுக்கு நான்தான் அழைத்துப்போக வேண்டியிருந்தது. ஈயம் உருக்காதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. கவிழ்த்துப் போட்ட மீன் கூடை மேல் உட்கார்ந்து, எப்படி உருக்குவீர்கள், எத்தனை நாள், யார் கூட இருப்பார்கள் என்று அரை நாள் கேட்டாள். கடைசியில் ஆண்களே, கரையோரம் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டால் என்ன என்று பேச ஆரம்பித்தார்கள். என் தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து அவனிடமும் கேட்டாள். அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. தட்டுத் தடுமாறிப் பேசினான். அவன் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை.

அம்மா அவளுக்கு வஞ்சிரம் பொரித்துப் போட்டாள். எனக்கு நெத்திலி. அதன் பிறகு என் அண்ணன் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒருநாள் அம்மாவிடம் சண்டை போட்டேன். "உன் வயித்துல பொறந்த டாக்டர் நான் ஒருத்தி இருக்கேன்ல?" என்றேன். அம்மா மீன் அலசிக்கொண்டே சொன்னாள். "இன்னா பண்றது? அது கேக்குது. நீ சொல்ற."

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

அரசாங்க வேலையை அவள் விட்டபோது பைத்தியம் என்றார்கள். ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, கொருக்குப்பேட்டை, காசிமேடு, எண்ணூர் பெண்கள் இருபது பேரைச் சேர்த்துக் குழந்தைகள் நலம் சொல்லிக்கொடுத்தாள். அவர்களுக்கு முதல் மாதம் முழுவதும் ஒரே பாடம். வீட்டுக்குப் போ, தரையில் உட்கார், தாய் பேசி முடிக்கும் வரை பேனாவைத் திறக்காதே. கிடங்கு பள்ளியாயிற்று, பள்ளி கல்லூரியாயிற்று, மணலியைத் தாண்டி நிலம் வாங்கிக் கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. வெளி மாநிலத்தில் ஒருவர் கூப்பிட்டு இன்னொன்றும் தொடங்கச் செய்தார். துணைவேந்தர் ஆன பிறகும் வியாழக்கிழமை தோறும் மேசையில் உட்கார்ந்து குழந்தைகளைப் பார்த்தாள். அவளுடைய அறையில் நாற்காலிகளைவிடக் குழந்தை நிறுக்கும் தராசுதான் நடுநாயகமாக இருக்கும். அமைச்சர் வந்தால்கூட அதைச் சுற்றித்தான் போக வேண்டும்.

எனக்கு எரிந்தது இதில் எதுவும் இல்லை. அவள் மேடையில் பேசும் விதம்தான். எந்த ஊரில் பேசினாலும் பவுனுவின் கதையைச் சொல்லுவாள். சொல்லிவிட்டு, "இதை நான் கண்டுபிடிக்கலை. காசிமேட்டுல பொறந்த என் சிநேகிதி டாக்டர் ஒருத்தி, 'எல்லார் வீட்லயும்தான்'னு சொன்னா. அந்த ஒரு வார்த்தை இல்லைன்னா, ஒரு குழந்தையோட வியாதின்னு நினைச்சு வீட்டுக்குப் போயிருப்பேன்" என்பாள். நான் கூட்டத்தில் இருந்தால் மேடைக்கு இழுத்துப் பொன்னாடை போடுவாள். அவள் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் பாதிதான் சொன்னாள். மீதிப் பாதி எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு முறையும், இன்றைக்குச் சொல்லிவிடுவாளோ என்று பயப்படுவேன். சொல்லாமல் அவள் இறங்கும்போது, என்னால் இப்படி ஒருநாளும் இருக்க முடியாது என்று நினைத்துக் கசந்துபோவேன். நான் செய்தது போல ஒரு தப்பு அவளிடம் எனக்குக் கிடைத்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவள் போய் ஒரு மாதம் கழித்து, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். பதிவாளராம். நினைவுக் கூட்டம் நடத்தப் போகிறார்கள். நோயாளியின் கதையை நன்றாகக் கேட்டு எழுதும் மாணவருக்கு ஒவ்வொரு வருடமும் தங்கப் பதக்கம். பதக்கத்துக்கு என் பெயர். "மேடம் உயிலிலேயே எழுதி வெச்சிருக்காங்க. பாடப் புத்தகத்திலயும் நீங்கதான் முதல்ல கண்டறிஞ்சதா இருக்கு. நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும். பவுனுவோட அம்மாவையும் முன் வரிசையில உக்கார வைக்கிறோம்" என்றார்.

இதைத்தானே நாற்பது வருடமாகக் கேட்டேன். என் பெயர் ஒன்றின் மேல் இருக்க வேண்டும், அவள் பெயருக்குக் கொஞ்சமும் குறையாமல். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டால் போதும், உண்மை தெரிந்த இன்னொருத்தி போய்விட்டாள். ஆனால் செத்த பிறகும் அவள்தான் கொடுக்கிறாள், நான்தான் கை நீட்டுகிறேன். ஒன்றையாவது இவளிடம் வாங்காமல் இருக்க வேண்டும் என்று வீம்பு வந்தது. மனசாட்சி என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வீம்புதான். கூட்டத்துக்கு முந்தின நாள் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். பவுனு அம்மாவிடம் முதலில் சொல்லாமல் அந்த மேடையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

பவுனு அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கருவாட்டு வியாபாரம். வீட்டு வாசலில் சாக்கு விரித்து நெத்திலியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பவுனு, நரை விழுந்த பெண், மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு வேகமான கை. என்னைப் பார்த்து, "டாக்ட்ரு" என்றாள். அவளிடம் இருக்கும் வார்த்தைகளில் அது ஒன்று.

"வா டாக்டரம்மா. நாளிக்கு கார் அனுப்பறாங்களாமே. இன்னா பொடவ கட்டிகினு வர்றதுன்னு ரோசன பண்ணிகினு இருந்தேன்" என்றாள் அம்மா.

நான் சாக்கின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பவுனுவ மொத தபா தூக்கிகினு வந்தியே, வய்த்து வலின்னு. அன்னிக்கு மேசையில இருந்தது நான். ஈயம் உருக்குறத நீ அன்னிக்கே சொன்ன. நான் எய்தாம வுட்டுட்டேன்." எத்தனையோ வருடம் கழித்து எங்கள் வீட்டுப் பேச்சு என் வாயில் வந்தது.

அவள் நெத்திலியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "இன்னாமா பேசற. அது செத்துப்போன அந்தம்மா பண்ண தப்பு. அதுவே எங்கிட்ட சொல்லிச்சு."

"இன்னா சொல்லிச்சு?"

"ஃபிட்ஸு வந்து படுத்துகினு இருந்துச்சுல்ல, மறுநாளு. எங்கையப் புடிச்சுகினு, மொத தபா வந்தப்பவே இத கேட்டிருக்கணும், எய்தாம வுட்டது தப்புன்னுச்சு. அன்னிக்கு குந்திகினு இருந்தது யாருன்னு கேட்டேன். நான்தான்னுச்சு." அவள் கை நின்றது. "வுட்டேன் ஒண்ணு, கன்னத்துல. வார்டு பூரா பாக்க. கண்ணாடி கீய வியுந்து ஒடஞ்சுபோச்சு. நர்சுங்க ஓடி வந்து என்ன புடிச்சாங்க. வுடுங்க அவுங்கள, அவுங்க கோவம் நாயம்னு சொல்லிகினே நின்னுச்சு அந்தம்மா. அதுக்கப்புறம் எத்தினி வருசம் ஆச்சு, ஒரு தீவாளி பொங்கலு தப்பாம பவுனுவ பாக்க வரும். நானும் போனா போவுதுன்னு மன்னிச்சு வுட்டுட்டேன்."

"அது பொய் சொல்லிச்சு. அன்னிக்கு இருந்தது நான்தான்."

"நீ அது மேல கீற பிரியத்துல சொல்ற."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிரியமாம். "இல்ல. எனக்கு அது மேல பொறாம. இன்னிக்கும் பொறாம. அதனாலதான் வந்து சொல்றேன். வரிசைல நிறைய பேரு நின்னுகினு இருந்தாங்க, நீ பேசிகினே இருந்த, நான் ரெண்டு தபா சரி சரின்னேன். பூச்சி மருந்து எய்திக் குடுத்தேன். சிவப்பு டானிக்கு ஒரு பாட்டிலு. நெனச்சுப் பாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே வயசு, ஒரே வெள்ளக் கோட்டு. நான் எங்க மூஞ்சியப் பாத்தேன்? எம் பொண்ணத்தான் பாத்துகினு இருந்தேன்." பிறகு மெதுவாக, "சரி சரின்னுச்சு, ஆமா" என்றாள்.

பவுனு தரம் பிரிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அன்னிக்கே எய்தியிருந்தா எம் பொண்ணு பேசியிருக்குமா?"

உறுதியாகச் சொல்ல முடியாது, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மாதிரி, என்று சொல்ல எனக்கு நன்றாகத் தெரியும். ஆயிரம் தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன். "பேசியிருக்கும்" என்றேன்.

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "அப்ப நான் தப்பான ஆளயா அடிச்சேன்? தப்பான ஆளயா இத்தினி வருசம் மன்னிச்சுகினு இருந்தேன்? அது கால்ல வியுந்து கேக்கலாம்னாகூட இப்ப இல்லியே."

நான் சொன்னது என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. "என்ன அடிச்சிடு" என்றேன்.

"உன்ன அடிச்சு இன்னா ஆவப்போவுது, இந்த வயசுல. எய்ந்து போ. நாளிக்கு அங்க வந்து இத எல்லார் முன்னாடியும் சொல்லு. நான் குந்திகினு கேக்கறேன்."

ஆட்டோவில் திரும்பும்போது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நின்றன. ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். என் சிநேகிதி என் பேச்சை எடுத்துக்கொண்டாள், என் தெருவை எடுத்துக்கொண்டாள், என் அம்மாவை, என் தம்பியை எடுத்துக்கொண்டாள் என்றுதான் இத்தனை வருடம் குமுறியிருந்தேன். நான் லீவில் படுத்துக் கிடந்த நாளில், எனக்கு விழ வேண்டிய அடியையும் அவளே வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அழுதேன் என்பதும் உண்மை. ஆட்டோக்காரர் தூசி என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மறுநாள் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டில் நான் எழுதியதை, எழுதாமல் விட்டதை, லீவு போட்டு வீட்டில் படுத்திருந்ததை, அவள் வாங்கிய அறையை. பதக்கத்துக்கு என் பெயர் வேண்டாம், வைத்தே தீர வேண்டும் என்றால் பவுனுவின் பெயரை வையுங்கள் என்றேன். பாடப் புத்தகத்தைத் திருத்தச் சொன்னேன்.

யாரோ ஒருவர் கைதட்டினார். மாணவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையிலிருந்த ஒருவர், என்ன பெருந்தன்மை என்று மைக்கிலேயே சொன்னார். பெருந்தன்மை என்று என்னைப் பார்த்து ஒருவர் சொல்வதற்காக நான் என்னவெல்லாம் கொடுத்திருப்பேன். அன்று அது எனக்குக் கூசியது.

முன் வரிசையைப் பார்த்தேன். பவுனு எல்லோரும் தட்டுகிறார்களே என்று தானும் தட்டிக்கொண்டிருந்தாள். பவுனு அம்மா மட்டும் தட்டவில்லை. பட்டுப் புடவை கட்டியிருந்தாள். இரண்டு கையும் மடியில் கிடந்தன. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமாக. அந்தக் கோபம் எனக்கு வர வேண்டியது, எனக்கே வந்திருந்தது. அதை மட்டும் என் சிநேகிதியால் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை.